முஸ்தபாவும் ஐம்பது ரூபாயும்

"முஸ்தபா தெரியுமா?"ன்னு கேட்டா போதும், ஆளோட வயசைக் கண்டுபிடிச்சிடலாம். 'காதல் தேசம்' பாட்டு ஞாபகம் வந்தா நீங்க ஒரு கட்சி. மஞ்சளா வெளிச்சம் விழுற ஒரு சந்து, பீடி நாத்தம், மரப்பொட்டிக்குள்ள ஒரு கலர் டிவி, அதுல ஓடி வந்து எகிறி உதைக்கிற ஒருத்தன் ஞாபகம் வந்தா நீங்க நம்ம கட்சி. வாங்க, உக்காருங்க. இன்னைக்குக் கொசுவத்தி கொஞ்சம் பெருசு.

அந்த கேமோட நிஜப் பேரு 'கடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. 1993-ல் கேப்காம் கம்பெனி விட்டது. மார்க் ஷுல்ட்ஸ்னு ஒரு அமெரிக்கர் வரைஞ்ச 'ஸெனோஸோயிக் டேல்ஸ்' காமிக்ஸ்தான் மூலம். ஜாக், ஹன்னா, முஸ்தபா, மெஸ்னு நாலு பேர்ல ஒருத்தரை எடுத்துக்கலாம். இந்தப் பேரெல்லாம் எனக்குத் தெரிஞ்சது இன்டர்நெட் வந்தப்புறம். செங்கல்பட்டுல எங்களுக்கு அது வெறும் முஸ்தபா. "முஸ்தபா ஆடப் போலாமா?" அவ்வளவுதான்.

1996, 97 வாக்கில் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்துல ரெண்டே ரெண்டு மெஷினோட ஒரு கடை. ஒரு ஆட்டம் ஒரு ரூபா. காசு போடுற ஓட்டை மெஷின்ல இருந்துச்சு, ஆனா அதுல யாரும் காசு போட்டுப் பாத்ததில்ல. கடைக்கார அண்ணன்கிட்ட ரூபாயைக் குடுத்தா, அவர் கீழ குனிஞ்சு கதவைத் திறந்து உள்ளுக்குள்ள எதையோ ஒரு தட்டு தட்டுவார். 'டிங்'னு ஒரு சத்தம் வரும். அந்த 'டிங்'குக்காகத்தான் என்னைவிட மூணு வயசு பெரிய எங்க அண்ணனும் நானும் வாரம் பூரா காசு சேர்ப்போம்.

அண்ணன் எப்பவும் முஸ்தபா. எனக்கு ஜாக். இதுல பேச்சே கிடையாது, மூத்தவன் எடுத்தது போக மிச்சம்தான் எனக்கு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஒரு நாள் அப்பா சட்டைப் பையிலிருந்து ஐம்பது ரூபா எடுத்தேன். எடுத்தேன் என்ன, திருடினேன். அது அண்ணனோட பள்ளிக்கூடப் பணத்துக்குன்னு எடுத்து வெச்சிருந்ததுன்னு எனக்குத் தெரியாது. மூணு நாள் தனியாப் போய் ஆடித் தீர்த்தேன். நாலாம் நாள் சாயங்காலம் வீட்டுல விசாரணை. அப்பா அண்ணனைத்தான் கேட்டார். வீடியோ கேம் கடையில அவனைப் பாத்ததா யாரோ அவர்கிட்ட சொல்லியிருந்தாங்க. அவன் என்னை ஒரு பார்வை பாத்தான். ஒண்ணும் சொல்லல. பெல்ட்டால விழுந்த அடியை எண்ணக்கூட எனக்கு தைரியம் வரல. கதவுக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தேன்.

அதுக்கப்புறம் அவன் அந்தக் கடைப் பக்கமே வரல. நானும் சொல்லல, அவனும் கேக்கல. கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஓடிப்போச்சு. அப்பா 2015-ல் போய்ச் சேர்ந்துட்டார். அண்ணன் மஸ்கட்ல இருக்கான். நான் படூர்ல வீடு கட்டி, வாசல்ல ஓ.எம்.ஆர் தூசியும் கொல்லைப்புறத்துல முட்டுக்காட்டு உப்புக் காத்துமா குடித்தனம் பண்றேன்.

அண்ணன் பொங்கலுக்கு லீவுல வர்றேன்னு சொன்னப்ப எனக்கு இந்தக் கிறுக்கு புடிச்சுது. வீட்டுல ஒரு முஸ்தபா மெஷின் வெக்கணும். அதுவும் ஒரிஜினல் போர்டோட.

"கம்ப்யூட்டர்ல மேம் எமுலேட்டர் போட்டா ஓசியிலயே ஆடலாமே"ன்னு நீங்க கேப்பீங்க. தங்கமணியும் அதையேதான் கேட்டாங்க. உண்மைதான். 1997-லிருந்தே மேம் இருக்கு, நானும் ஆடியிருக்கேன். ஆனா எதுக்குன்னு சொல்லத் தெரியல, அது பொம்மையைத் துணிக்கடைக் கண்ணாடி வழியாப் பாக்குற மாதிரி இருந்துச்சு. கையில புடிக்கிற மாதிரி ஒண்ணு வேணும். பட்ட கடனை ஜெராக்ஸ் நோட்டுல அடைக்க முடியாதில்லையா?

போர்டுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். அந்தக் கால ஆர்கேட் மெஷின்ல கேம்ங்கறது கேசட்டோ சி.டி.யோ இல்ல. சாப்பாட்டுத் தட்டு சைஸைவிடப் பெருசா ஒரு சர்க்யூட் போர்டு. அதுலயே ப்ராஸஸர், படம், சத்தம் எல்லாம். கேப்காமோட இந்த வகைக்கு சிபிஎஸ்-1னு பேரு, உள்ள மோட்டோரோலா 68000 ப்ராஸஸர். போர்டோட ஓரத்துல பல்லு பல்லா 56 முனை, மேல 28 கீழ 28. இந்தப் பல்வரிசைக்கு 'ஜாமா'ன்னு பேரு. ஜப்பான் கேம் மெஷின் தயாரிப்பாளர்கள் சங்கம் 1985-ல் கொண்டு வந்த பொது அளவு. எந்தக் கம்பெனி போர்டா இருந்தாலும் கரண்ட் இந்தப் பல்லுல, சிவப்பு பச்சை நீலம் இந்தப் பல்லுல, ஸ்பீக்கர் இதுல, ஜாய்ஸ்டிக் இதுலன்னு ஒரே ஒழுங்கு. அதனாலதான் கடைக்காரங்க ஒரே பொட்டியை வெச்சுக்கிட்டு, கேம் போரடிச்சா போர்டை மட்டும் உருவி வேற சொருக முடிஞ்சுது.

ஜப்பான் ஏலத்துல, நடுவுல வாங்கி அனுப்புறவங்க மூலமா போர்டு கிடைச்சுது. ஜப்பான்ல இதுக்குப் பேரே வேற: 'கடிலாக்ஸ்: க்யோர்யூ ஷின்செய்கி', டைனோசர் புது யுகம்னு அர்த்தம். விலை கேக்காதீங்க. ஒரு நல்ல ஃபோன் விலைன்னு வெச்சுக்கோங்க. தங்கமணிகிட்ட சொன்னது அதுல பாதி. (இதை அவங்க படிக்க மாட்டாங்கங்கற தைரியம்தான்.)

போர்டு வர்றதுக்குள்ள பொட்டி. திருப்போரூர்லேர்ந்து ஒரு ஆசாரி வந்தார். பேப்பர்ல வரைஞ்சு காட்டினேன். ஒரு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "பூஜை அலமாரியா சார்? சாமி இவ்ளோ சாஞ்சாப்ல உக்காந்திருக்கே"ன்னார். விளக்கினேன். "ஓ, முஸ்தபாவா!"ன்னு முகம் மலர்ந்துடுச்சு. அப்புறம் என் வரைபடத்தைத் தூக்கிப் போட்டுட்டு, அவரே கையை நீட்டி மடக்கி உயரம் அளந்தார். "நின்னு ஆடினாத்தான் சார் அது." மெரைன் ப்ளைதான் போடணும்னும் அவரே சொன்னார். கேளம்பாக்கம் உப்பளம் கூப்பிடு தூரம், சாதா ப்ளை ரெண்டு மழைக்குத் தாங்காதாம்.

அடுத்தது டிவி. எல்.இ.டி டிவில நேரா சொருகினா படம் வராது. நம்ம பழைய குண்டு டிவி விநாடிக்கு 15,625 கோடு வரையும். ஆர்கேட் போர்டும் கிட்டத்தட்ட அதே வேகத்துலதான் கோடு அனுப்பும். கம்ப்யூட்டர் மானிட்டர் கேக்குறது அதுல ரெட்டிப்பு. நடுவுல மாத்திக் குடுக்க சின்ன சர்க்யூட் கிடைக்குது, ஆனா எனக்குக் குண்டு டிவிதான் வேணும். அதுக்கு எங்க போறது?

காயலான் கடைக்கு! தையூர் பக்கம் ஒரு கடையில மூணு 14 இஞ்ச் டிவி அடுக்கி வெச்சிருந்தாங்க. 2006-லேர்ந்து கலைஞர் ஆட்சியில குடுத்தாங்களே, இலவச கலர் டிவி, அதேதான். ஒரு காலத்துல ஊர்ல வீட்டுக்கு வீடு இருந்தது இப்ப கிலோ கணக்குல கிடக்கு. ஒண்ணை எடுத்துப் போட்டுப் பாத்தேன். புள்ளி புள்ளியா, ஆனா எரிஞ்சுது. "இதை வெச்சு என்ன சார் பண்ணப் போறீங்க?"ன்னார் கடைக்காரர். "என் பாவத்தைக் கழுவப் போறேன்"னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. "சும்மா ஒரு ப்ராஜக்ட்"னேன்.

இங்க ஒரு எச்சரிக்கை, இதை விளையாட்டாப் படிக்காதீங்க. குண்டு டிவியோட பிக்சர் ட்யூப்ல 20,000 வோல்ட்டுக்கு மேல நிக்கும். ப்ளக்கைப் புடுங்கி நாள் கணக்கான பின்னாடியும் மிச்சம் இருக்கலாம். ரொம்பப் பழைய டிவில உள் தகடே நேரடி கரண்ட்ல இருக்கும், அதைத் தொடவே கூடாது. நான் தொடல. கேளம்பாக்கத்துல டிவி மெக்கானிக்கா இருந்து, இப்ப செட்டாப் பாக்ஸ் மாட்டிக்கிட்டிருக்கற ஒரு பெரியவரைக் கூட்டிட்டு வந்தேன். ஸ்க்ரூட்ரைவர்ல ஒயரைச் சுத்தி, ட்யூபோட ரப்பர் மூடிக்கு அடியில விட்டு 'டப்'புனு ஒரு சத்தம். "இப்ப தொடு தம்பி"ன்னார்.

போர்டுலேர்ந்து வர்ற சிவப்பு பச்சை நீலம் டிவி தாங்குறதைவிட ரொம்ப ஜாஸ்தி. மூணுக்கும் ரெசிஸ்டர் போட்டுக் குறைச்சு, டிவியோட முக்கிய ஐ.சி.யில வெளிக் கலருக்குன்னு இருக்கற கால்ல குடுத்து, சிங்க் சிக்னலை ஏ.வி. ஓட்டை வழியா விட்டோம். நம்ம டிவி விநாடிக்கு 50 படத்துக்குப் பழகினது, போர்டு அனுப்புறது கிட்டத்தட்ட 60. படம் மேல கீழ கொஞ்சம் அமுங்கி நின்னுச்சு. பெரியவர் உயரத்தைச் சரி பண்ணிட்டு, "பத்து வருசமாச்சு தம்பி, ஒரு ட்யூபைத் தொறந்து"ன்னு சொல்லிட்டு கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டிருந்தார். காசு வாங்க மாட்டேன்னார். கட்டாயப்படுத்திக் குடுத்தேன்.

இதெல்லாம் முடிஞ்சு போர்டு வந்து சேர்ந்துச்சு. இப்பதான் கதையில வில்லன்.

கேப்காம்காரன் அந்தக் காலத்துல திருட்டு போர்டு தொல்லை தாங்காம ஒரு வேலை பண்ணினான். முஸ்தபா போர்டுல சத்தத்துக்கான ப்ரோக்ராம் ரகசிய மொழியில இருக்கும். அதைப் படிக்கிற சாவி ஒரு சிப்புக்குள்ள, பேட்டரியோட தயவுல மட்டும் நிக்கும். படத்தைப் பாத்துக்கற சிப்புக்கும் இதே கதிதான். பேட்டரி தீர்ந்துச்சா, சாவி காலி. போர்டுல ஒரு கீறல்கூட இல்லாம செத்துப் போயிடும். இதுக்கு வெளிநாட்டு ஆளுங்க வெச்ச பேரு 'தற்கொலை பேட்டரி'. 2010-களின் நடுவுல சில கில்லாடிங்க, செத்த போர்டுக்கும் சாவியைத் திரும்ப எழுதுற வழியைக் கண்டுபிடிச்சுட்டாங்க. ஆனாலும் உயிரோட இருக்கறதைச் சாக விட்டுட்டு எழுப்புவானேன்?

மீட்டர் வெச்சுப் பாத்தேன். 3.6 வோல்ட் இருக்க வேண்டிய பேட்டரி 3.1 காட்டுச்சு. வயித்துல புளி கரைச்சுது. பொங்கலுக்கு இன்னும் ஒன்பது நாள்.

பழசைக் கழட்டிட்டு புதுசு போட முடியாது. கழட்டின நொடியே சாவி போயிடும். முதல்ல புது பேட்டரியை, பழசோட கால்லயே இணையா ஒட்டணும். ரெண்டும் சேர்ந்து சப்ளை குடுக்கும்போது பழசை வெட்டி எடுக்கணும். ப்ளஸ் மைனஸ் மாறினாலோ, ஈயத்துளி ஒண்ணு ரெண்டு காலையும் தொட்டாலோ ஜப்பான்லேர்ந்து வந்த காசு கோவிந்தா. சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணி, ப்ளக்கைப் புடுங்கிட்டு, அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள ஒட்டணும். பொண்ணு டார்ச் புடிச்சா. "அப்பா, கை நடுங்குது"ன்னா. "ஃபேன் காத்துடா"ன்னேன். ஃபேன் ஓடல.

முதல் பேட்டரி முடிஞ்சுது. அடுத்ததும் முடிஞ்சுது. மீட்டர்ல 3.6.

மறுநாள் ஜாமா சாக்கெட்டைச் சொருகறேன். 5 வோல்ட்டை மீட்டர்ல சரி பார்த்தாச்சு, 12 வோல்ட்டும் சரி. சொருகப் போகும்போது ஏதோ இடிக்குது. கொஞ்சம் அழுத்தினா போயிடும்னு ஒரு அமுக்கு அமுக்கப் போனேன். பொண்ணு, "இந்தக் கட்டை அந்தப் பக்கம்தானே வரணும்?"னா. ஏழாவது பல்லுல ஒரு சின்ன அடைப்பு இருக்கும். தலைகீழா சொருகாம இருக்கறதுக்குன்னே வெச்சது. நான் தலைகீழாத்தான் வெச்சிருந்தேன். பேட்டரிக்கு அவ்வளவு பயந்தவன், ஒரே அமுக்குல மொத்த போர்டையும் கொன்னிருப்பேன். அவ்வ்வ்வ்!

திருப்பிச் சொருகி சுவிட்ச் போட்டா... படம் வந்துச்சு. சத்தம் வந்துச்சு. ரெண்டாவது நாளே ஜாய்ஸ்டிக் மேல போகலன்னு மண்டையை உடைச்சுக்கிட்டதும், பல்லு மேல உப்புக் காத்து படிஞ்சிருந்ததும், பென்சில் அழிரப்பர் போட்டுத் தேய்ச்சு ஆல்கஹால்ல துடைச்சதும் கிளைக் கதை. காசு ஓட்டை வைக்கல. பொட்டிக்குள்ள ஒரு காலிங் பெல் சுவிட்ச். குனிஞ்சு கதவைத் திறந்து ஒரு தட்டு.

போகி அன்னைக்கு அண்ணன் வந்தான். ஒண்ணும் சொல்லாம மாடி ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் மேல மூடியிருந்த போர்வையை எடுத்தேன். ரொம்ப நேரம் பேசல. தொப்பை தள்ளின அந்த ஆளு, பொட்டிக்குப் பின்னாடி போய் எட்டிப் பாத்தான். "கடைக்காரண்ணன் எங்கடா?"ன்னான். நான் குனிஞ்சு சுவிட்சைத் தட்டினேன். 'டிங்'.

அவன் முஸ்தபா. நான் ஜாக்.

ரெண்டாவது ஸ்டேஜ்ல, ரெண்டு கையிலயும் கத்தியோட ஒருத்தன் வருவானே, அங்க வெச்சு சொன்னேன். ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டே சொன்னேன். மூஞ்சியைப் பாத்து சொல்ற தைரியம் நாப்பது வயசுலயும் வரல.

"அண்ணே, அந்த அம்பது ரூபா நான்தான் எடுத்தேன்."

"தெரியும்."

"அப்பவேவா?"

"நீதான் மூணு நாளா ராத்திரி தூக்கத்துல கூட கையை ஆட்டிக்கிட்டிருந்தியே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நான் சொல்லியிருந்தா உன்னை அடிப்பாரு, நீ ஊரைக் கூட்டுவ. விடு. பின்னாடி வரான் பாரு, உதை!"

உதைச்சேன். ஸ்க்ரீன் கலங்கலாத் தெரிஞ்சுது. இலவச டிவின்னா அப்படித்தான், என்ன பண்றது.

இதோட முடிச்சா நல்ல கதை. ஆனா ஆட்டம் முடிஞ்சதும் அண்ணன் தலையைச் சொறிஞ்சான். "எல்லாம் சரிடா. சத்தம் மட்டும் நம்ம முஸ்தபா இல்லையே? இது ரொம்ப நல்லா இருக்கே?"

எனக்கும் அதேதான் உறுத்திக்கிட்டிருந்துச்சு. ஒரிஜினல் போர்டுல 'க்யூசவுண்ட்'னு தனி சிப் உண்டு, பாட்டும் அடியும் சுத்தமா வரும். நாங்க ஆடினதுல அப்படி வராது. கரகரன்னு, பாதி சத்தம் விட்டு விட்டு. அப்பதான் மண்டையில உறைச்சுது. நாங்க ஒரிஜினலை ஆடினதே இல்ல! செங்கல்பட்டுல இருந்தது டூப்ளிகேட் போர்டு. கேப்காம் சிப்பெல்லாம் இல்லாம, சத்தத்தை ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலர் வெச்சு ஒப்பேத்தின முஸ்தபா போர்டுகள் உலகம் பூரா சுத்தியிருக்கு. நான் லட்சணமா ஜப்பான்லேர்ந்து வரவழைச்சது, எங்களுக்குப் பழக்கமே இல்லாத ஒருத்தனை.

அண்ணன் மஸ்கட் திரும்பினதும், விசாரிச்சு விசாரிச்சு அந்தக் காலத்துல மதுராந்தகம் பக்கம் கேம் கடை வெச்சிருந்த ஒருத்தரைப் புடிச்சேன். பரண்ல கிடக்கு, வந்து பாத்துக்கன்னார். சாக்குப்பைக்குள்ள நாலு போர்டு. ஒண்ணு முஸ்தபா. மேல எலிப் புழுக்கை, கரப்பான் முட்டை. அவர் கேட்டது முன்னூறு ரூபா.

தேய்ச்சு, துடைச்சு, பழையதை உருவி இதைச் சொருகினேன். ஜாமாவோட அழகே அதுதான், ஒரு நிமிஷ வேலை. சுவிட்சைப் போட்டேன். முதல் தடவையே ஓடுச்சு. இதுல தற்கொலை பேட்டரியெல்லாம் கிடையாது, அதையும் சேர்த்துத்தானே திருட்டு போர்டுக்காரன் தூக்கிப் போட்டிருக்கான். ஒரிஜினலுக்கு நான் ஒன்பது நாள் தூங்காம வைத்தியம் பாத்தேன். போலி பரண்ல எலியோட குடித்தனம் பண்ணிக்கிட்டு ஜம்முனு இருந்திருக்கு.

அண்ணனுக்கு வாட்ஸப்ல கால் போட்டு, ஃபோனை ஸ்பீக்கர்கிட்ட புடிச்சேன். உள்ள குனிஞ்சு சுவிட்சைத் தட்டினேன்.

கரகரன்னு ஒரு 'டிங்'.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "ம்ம்... இவன்தான்டா"ன்னான்.

டிஸ்கி: ரெண்டு போர்டும் இப்ப வீட்டுல இருக்கு. படூர் பக்கம் வந்தா சொல்லுங்க. ஒரு ஆட்டம் ஒரு ரூபா. முஸ்தபா மட்டும் கேக்காதீங்க, அது புக் ஆயிடுச்சு.